எந்த சென் மேரிஸ்?

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஒரு குளிர்கால ஞாயிறு. சிட்னி நகரத்துக்குள் இருக்கும் சென் ஜேம்ஸ் ரயில் நிலைய வாசலில், இரவு வேலை முடித்த கண் எரிச்சலோடு அம்மாவுக்காகக் காத்து நின்றேன்.

அம்மா மன்னாரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். எனக்கு இங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்தால், சிட்னியின் பெரிய மாதா கோவிலில் மெழுகுதிரி கொளுத்துவதாக அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. விசா தந்தது குடிவரவுத் திணைக்களம் என்று நான் கிண்டல் பண்ணினால், “அவையளின்ர மனசை மாத்தினது ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?” என்று திருப்பிக் கேட்பார். நான் அவ்வளவு பக்தியான ஆள் இல்லை. ஆனாலும் அம்மா இவ்வளவு தூரம் வந்துவிட்டு நேர்த்தி தீராமல் திரும்பினால் அந்தப் பேச்சு எனக்கு ஆயுளுக்கும் போதும்.

அந்தக் கோவிலின் பெயர் சென் மேரிஸ். சென் ஜேம்ஸ் நிலையத்தில் இறங்கிப் பூங்காவைத் தாண்டினால் வந்துவிடும். கணவர் அந்த வாரம் வேலை விஷயமாக மெல்பேர்னில். நானோ நகரத்து மருத்துவமனையில் இரவுத் தாதி. அதனால் பக்கத்து வீட்டுத் தம்பியிடம், அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பரமட்டா நிலையத்தில் ரயில் ஏற்றிவிடும்படி கேட்டிருந்தேன். தமிழ்நாட்டுப் பிள்ளை, கணினி வேலை, உதவி என்றால் முகம் சுளிக்காதவர். “பரமட்டாவிலை ஏறினா ஒரே ரெயின் அம்மா. சென் ஜேம்ஸிலை இறங்குங்கோ, நான் வாசலிலை நிப்பன்” என்று அம்மாவுக்குத்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவரும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார்.

ஒரு ரயில் வந்தது, சனம் படியேறி வெளியே வந்தது, அம்மா இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததும் வந்து போனது. அம்மாவின் போனுக்கு எடுத்தால் அது நிறுத்தப்பட்டிருந்தது. பூசைக்கு மணி அடிக்கிற சத்தம் பூங்காவுக்கு அப்பாலிருந்து கேட்டது. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எடுத்தேன்.

“நான்தான்க்கா ஏத்திவிட்டேன். உக்கார்ற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“எந்த ரெயினிலை?”

“பென்ரித் ட்ரெயின்ல. செயின்ட் மேரிஸ் போகணும்னுதானே அம்மா சொன்னாங்க? போர்டைப் பாத்து இறங்கிக்கோங்கன்னு சொன்னேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிட்னியின் மேற்கே, நகரத்துக்கு நேர் எதிர்த் திசையில், சென் மேரிஸ் என்றே ஒரு ஊர் இருக்கிறது. ரயில் நிலையமும் அதே பெயரில்தான். அந்தத் தம்பி கோவிலுக்குப் போகிறவர் இல்லை. அவருடைய நண்பர் அங்கே வீடு வாங்கியிருந்தார். தம்பிக்குத் தெரிந்த சென் மேரிஸ் அது ஒன்றுதான்.

அம்மா காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டேன்.

“தோசை குடுத்தேன்க்கா, வேண்டாம்னுட்டாங்க. பூசை முடிஞ்சாதான் சாப்பாடாம். ஊசி மட்டும் போட்டுட்டேன்னாங்க.”

அதைக் கேட்டபோது எனக்கு வந்த பயத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்கு நீரிழிவு, தினமும் இன்சுலின் போடுகிறவர். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, எடுக்கிற நாளில் வெறும் வயிற்றோடு போவதுதான் அவருடைய தலைமுறை வழக்கம். சாப்பிட்டுவிட்டுப் போகலாம், பாவமில்லை என்று நான் சொன்னதற்கும் அவர் ஓம் என்றுதான் சொல்லியிருந்தார். இன்சுலினைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நான் தாதி.

நிலைய ஊழியரிடம் ஓடினேன். அம்மா சென் மேரிஸில் தனியாக நிற்கிறார், உதவி வேண்டும் என்றேன். அவர் சிரித்த முகத்தோடு, இதோ பூங்காவைத் தாண்டினால் சென் மேரிஸ் என்று கையைக் காட்டினார். அது இல்லை, மற்றது என்றேன். அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டார். மேரி என்றேன். இடத்தின் பெயரைக் கேட்கவில்லை, அம்மாவின் பெயரைத்தான் கேட்கிறேன் என்றார். அழுகை வந்துவிட்டது. மன்னார்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு மேரி இருப்பார் என்பதை அந்த மனிதருக்கு நான் எப்படிப் புரியவைப்பது?

அழுகையைக் கண்டதும் அவர் சட்டென்று மாறிவிட்டார். மேற்கே இருக்கும் நிலையத்துக்கு எடுத்துப் பேசினார். மேடையில் அப்படி யாரும் இல்லை, வெளியே போயிருக்கலாம் என்று பதில் வந்தது. பொலிசுக்குத் தானே சொல்வதாகக் கூறி என்னை ரயிலுக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டுத் தம்பியும் காரில் கிளம்பியிருந்தார்.

அந்த ரயில் பயணம் முடியவே முடியாது போலிருந்தது. இரத்தத்தில் சீனி இறங்கினால் முதலில் வியர்க்கும், கை நடுங்கும். பிறகு பேச்சுக் குழறும். பிறகு ஆள் அப்படியே சரிந்துவிடும். யாரோ ஒரு கிழவி வாங்கில் படுத்துத் தூங்குகிறார் என்று நினைத்து எல்லோரும் கடந்து போவார்கள். இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாவிடம் கேட்கலாம் என்றால் அவர் மீதும் கோபம்தான் வந்தது. ஒரே நகரத்தில் இத்தனை இடத்துக்கு எதற்கு உங்கள் பெயர் என்று மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

பிளாக்டவுண் தாண்டியபோது போன் அடித்தது. அம்மாவின் எண். ஆனால் பேசியது வேறொரு பெண். பிலிப்பைன்ஸ்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. உன் அம்மா என்னோடுதான் இருக்கிறார், பழச்சாறு குடிக்கிறார், பயப்படாதே என்றார். நான் நன்றி சொன்னேனா, அழுதேனா என்று நினைவில்லை.

போய்ச் சேர்ந்தபோது அம்மா ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்துக்கு வெளியே கதிரையில் இருந்தார். முன்னால் பாதி தின்ற பணிஸ் ரொட்டி. அருகில், போனில் பேசிய அந்தப் பெண். பக்கத்து வீட்டுத் தம்பி குற்றவாளி போல நின்றார். அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் அழ, “ஏன் பிள்ளை, சனம் பாக்குது” என்று அவர் வெட்கப்பட்டார்.

நடந்தது இதுதான். கோவிலுக்குப் போகிறோம் என்று வீட்டிலேயே போனை நிறுத்திவிட்டார். பலகையில் சென் மேரிஸ் என்று கண்டதும் சந்தோஷமாக இறங்கி, பெரிய கோபுரத்தைத் தேடித் தெருத்தெருவாக நடந்திருக்கிறார். தலை சுற்றி உட்கார்ந்தபோதுதான் இந்தப் பெண் வந்து என்ன என்று கேட்டிருக்கிறார். அம்மா தன் வருத்தத்தைச் சொல்வதற்காக, தெரிந்த ஆங்கிலத்தில் “சுகர், சுகர்” என்றிருக்கிறார். நமக்கு அது வியாதியின் பெயர். அந்தப் பெண்ணோ சீனிதான் கேட்கிறார் என்று ஓடிப்போய்ப் பழச்சாறு வாங்கி வந்திருக்கிறார். பிறகு போனைப் போட்டு, தவறிய அழைப்புகள் பற்றி வந்த குறுஞ்செய்தியில் என் எண்ணைப் பிடித்திருக்கிறார்.

“நன்மை எடுக்க இருந்தனீங்கள், எப்பிடிக் குடிச்சனீங்கள்?” என்றேன்.

“அந்தப் பிள்ளையின்ர கழுத்திலை மாதா பதக்கம் கிடந்தது. தாறது ஆரெண்டு விளங்கீட்டுது, குடிச்சிட்டன்.”

ஏன் சென் ஜேம்ஸ் என்று சொல்லவில்லை என்றும் கேட்டேன். அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லையாம். மாதாவிடம் போவதற்கு ஏன் ஜேம்ஸிடம் இறங்க வேண்டும் என்றும் யோசித்தாராம். அது எங்கள் சந்தியோகுமையோர்தான் அம்மா என்றேன். ஊரில் அந்தப் புனிதருக்கு அதுதான் பெயர். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“சந்தியோகுமையோரெண்டு சொல்லியிருந்தா நான் மறந்திருப்பனே?”

இந்த அமளிக்குள் அந்தப் பெண்ணுக்கு பஸ் வந்துவிட்டது. என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிவிட்டார். பஸ் திரும்பிய பிறகுதான் அவருடைய பெயரைக் கூடக் கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது. அதைச் சொல்லி வருந்தினேன்.

“கேக்க என்ன கிடக்கு?” என்றார் அம்மா, பணிஸைக் கடித்தபடி. “மேரிதான்.”

அடுத்த ஞாயிறு அம்மாவைக் காலையில் சாப்பிட வைத்து, கையைப் பிடித்து நானே கூட்டிப்போனேன். பெரிய கோவிலில் அவர் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார். இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இப்போதும் ரயிலில் சென் மேரிஸ் நிலையத்தின் பெயரை அறிவிக்கும்போது அந்த நாளின் பயம் ஒருமுறை திரும்பி வரும். உடனே, பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு, அம்மா வைத்த பெயரைச் சொல்லியே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.