அறுத்த இறக்கைகள்

கொட்டாஞ்சேனையில் இராமர் நடத்திய பழைய சாமான் கடைக்கு மஷூர் போனது கேஸ் அடுப்புக்கு ஒரு பேர்னர் வாங்கத்தான். உள்ளே மின்விசிறிகள் தொங்கிய கம்பியில் ஒரு விமானமும் தொங்கிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் பறக்கவிடும் மொடல் விமானம். உடம்பு மட்டும் ஓர் ஆளின் கை நீளம் இருக்கும். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு இறக்கைகள் இருந்த விமானம் அது. இப்போது அவற்றின் அடித்துண்டுகள் மட்டும் உடம்பில் நீட்டிக்கொண்டிருந்தன. மிச்சத்தைச் சேர்த்து சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மஷூர் பேர்னரை மறந்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர். வெள்ளவத்தையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து வில்லைகளை ப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுப்பது அவர் தொழில். மனைவி ஜவாஹிறா களுபோவில ஆஸ்பத்திரியில் மவுத்தானதிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. மார்பில் கட்டி வந்ததை ஜவாஹிறா யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டாள். வலி தாங்காமல் வாய் திறந்தபோது டொக்டர்மார் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. ஜனாஸாவுக்கு வந்தவர்கள் கலைந்துபோன பிறகு, மஷூருக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் கூடுதலாக வந்தது. ஒரே கட்டிலில் படுத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போனதா? இதை இனி யாரிடம் கேட்பது?

மகள் ஹிபா கல்யாணம் முடித்து நுகேகொடையில் இருந்தாள். நாள் தவறாமல் போன் எடுப்பாள்.

“வாப்பா, இப்பிடி கதவப் பூட்டிட்டு உள்ளுக்கே ஈந்தா எப்பிடி? எங்களோட வந்து ஈங்களே.”

“வாரன் மகள், வாரன்” என்பார். போக மாட்டார்.

விமானத்தைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். அதில் பெயரோ கொம்பனி முத்திரையோ எதுவும் இல்லை. போனில் படமெடுத்து, மொடல் விமானப் பிரியர்களின் குழு ஒன்றில் போட்டார். உலகத்தின் எங்கெங்கோ இருந்து பதில் வந்தது. எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: டைகர் மொத். ஆங்கிலேயர் விமானமோட்டிகளைப் பழக்கிய பழைய விமானம் அது.

மஷூர் டைகர் மொத்தின் படங்களைத் தேடி எடுத்து, மேசையில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எங்கோ உதைத்தது. விமானம் சரிந்து திரும்புவதற்காக இறக்கையின் பின்னோரத்தில் ஏறி இறங்கும் பலகை ஒன்று உண்டு. டைகர் மொத்தில் அது கீழ் இறக்கைகளில் மட்டும்தான். இதில் மேல் இறக்கைகளிலும் இருந்தது. இறக்கை நுனிகளும் இன்னும் வட்டமாக இருந்தன. அதைக் கேட்டு எழுதினார். பெல்ஜியத்துக்காரர் ஒருவர், அது தன் நாட்டு விமானம், பெயர் ஸ்டாம்ப் என்று பதில் போட்டார். யாரோ கடிதத்துக்கு ஒட்டும் ஸ்டாம்ப் கேட்கிறார் என்றுதான் மஷூர் முதலில் நினைத்தார். விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே அதைச் சொல்வதற்காகக் குசினிப் பக்கம் திரும்பினார். குசினியில் யார் இருக்கிறார்கள்?

அன்று முழுக்க அவர் அந்த மேசைப் பக்கம் போகவில்லை.

மறுநாள் இறக்கையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை உரித்தபோது, அது பெட்டியில் வந்ததை வாங்கிப் பூட்டியதல்ல என்று தெரிந்தது. இறக்கைக்குள் விலா எலும்புபோல் இருந்த மெல்லிய பல்சா மரச் சட்டங்களை யாரோ பிளேட்டால் ஒவ்வொன்றாக வெட்டியிருந்தார்கள். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருந்தது. எஞ்சின் பூட்டிய பலகை தேயிலைப் பெட்டியிலிருந்து வெட்டியது. யாரோ வரைபடம் ஒன்றைப் பார்த்து, கிடைத்த சாமானைக் கொண்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டியிருக்க வேண்டும்.

பிறகுதான் முறிவுகளைக் கவனித்தார். விழுந்து முறிந்ததென்றே அதுவரை நினைத்திருந்தார். விழுந்து முறிந்த மரம் சிலும்பிச் சிதறியிருக்கும். இதுவோ நேராக அறுபட்டிருந்தது. பூதக்கண்ணாடியின் கீழ் மரமறுக்கும் வாளின் பல் பட்ட தடம் தெரிந்தது. நான்கு இறக்கைகளிலும் அதே இடத்தில்தான். ஒன்றில் மட்டும் வாள் வழுக்கி, பக்கத்தில் கீறல்கள் விழுந்திருந்தன. அதுதான் முதலில் அறுத்ததாக இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய ஒன்றை எந்தப் பாவி இப்படி அறுத்தான்? முகம் தெரியாத அந்த ஆள்மீது மஷூருக்கு வெறுப்பு ஊறியது. ஜவாஹிறாவிடம் கேட்க முடியாமல் போன கேள்வியின் சூடும் அதோடு சேர்ந்துகொண்டது.

மழைக்காலம் முழுவதும் அந்த வேலைதான். அறுபட்ட மரத்துக்குள் புதுச்சட்டம் வைத்து, பசை பூசி, உடுப்புக் கொடிக் கிளிப்புகளால் கவ்வவிட்டார். ஜவாஹிறாவின் அயன் பெட்டியால் சூடு காட்டி, புது உறையை இழுத்து ஒட்டினார். எஞ்சினுக்குள் பழைய எரிபொருளில் கலந்திருந்த ஆமணக்கெண்ணெய் பிசினாக இறுகிக் கிடந்தது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, பொறுத்துப் பொறுத்துத் திருப்பியதில் ஒருநாள் அசைந்தது. அந்தக் குழுவில் இருந்த கொழும்புக்காரர் ஒருவர் ஒரு போத்தல் எரிபொருளும், எஞ்சினைக் கிளப்பும் சாமானும் கொடுத்தார். வீட்டுக்குள் கிளப்பிப் பார்க்க மஷூருக்குத் துணிவு வரவில்லை.

வேலை முடிந்ததும் இராமரிடம் போனார்.

“இது எங்கேந்து வந்த தம்பி?”

“வெள்ளவத்தையில ஒரு அம்மா வீட்டுல இருந்து நானா. தொடர்மாடியில தனியா இருக்காங்க. அவங்களே கூப்புட்டு, கொண்டு போயிருங்கன்னு சொன்னாங்க.”

விலாசம் கேட்டுக்கொண்டு, விமானத்தைப் படுக்கை விரிப்பால் சுற்றி, எரிபொருள் போத்தலோடும் கிளப்பும் சாமானோடும் முச்சக்கர வண்டியில் வைத்து வெள்ளவத்தைக்குப் போனார். கதவைத் திறந்தவர் அருள்நாயகி. எழுபதைக் கடந்த பெண். விரிப்பின் ஓரத்தில் தெரிந்த வாலைக் கண்டதும் முகம் வெளிறியது.

“இதை ஏன் திரும்பக் கொண்டு வந்தனீங்கள்?”

“கோவிக்காதீங்கம்மா. நான் இராமர் கடையில வாங்கின. ஒட்டி எடுத்தீக்கிறன். கட்டின ஆளுக்கு ஒருக்கா காட்டிட்டுப் போவம்னு வந்த.”

“அவர் போன வருசம் காலமாயிட்டார்.”

கட்டியவர் அவருடைய கணவர் தில்லையம்பலம். படவரைஞர். அருள்நாயகி விமானத்தை மேசையில் வைக்கச் சொன்னார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மஷூரால் பொறுக்க முடியவில்லை.

“எறக்கைய அறுத்தது யாரம்மா? இது விழுந்து ஒடஞ்சதில்ல. வாளால அறுத்தீக்கிது.”

“நான்தான்.”

மஷூர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்தச் சண்டைக் காலம் உங்களுக்கும் தெரியுந்தானே தம்பி. வானத்தால வந்து குண்டு போடினமெண்டு கொழும்பு முழுக்க லைட்டை நிப்பாட்டுவினம். விடிஞ்சா செக்கிங். தமிழாக்கள்ற வீட்டுக்குள்ள ரிமோட்டில பறக்கிற பிளேன் ஒண்டு! எங்கட மகனுக்கு அப்பதான் பதினேழு வயசு. எங்கையாவது குடுத்திடுங்கோ எண்டு எத்தினை தரம் கெஞ்சினனான். மாட்டனெண்டிட்டார். இது விளையாட்டுச் சாமான், கேட்டா விளங்கப்படுத்துவன் எண்டார். ஆருக்கு விளங்கப்படுத்திறது? அவர் வேலைக்குப் போனாப் பிறகு அறுத்தனான். பறக்காத பிளேனெண்டா ஒண்டும் செய்ய மாட்டினமெண்டு நினைச்சனான்.”

“அவர் என்ன சென்ன?”

“ஒண்டும் சொல்லேல்லை. துண்டுகளைப் பொறுக்கிக் கட்டி அலுமாரிக்கு மேல வைச்சார். பிறகு சாகுமட்டும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. என்னோட நல்லாத்தான் இருந்தவர். சந்தைக்குப் போவம், கோயிலுக்குப் போவம். ஆனா அந்த அலுமாரியை ஒருநாளும் நிமிந்து பாக்க மாட்டார். ஒருக்கா ஏசியிருக்கலாம் தம்பி. ஏசியிருந்தா நானும் அழுதிருப்பன்.”

இறக்கையின் ஒட்டை விரலால் தடவினார். உறையின் அடியில் அது லேசாகத் தடித்திருந்தது.

“எஞ்சின் ஓடுமோ?”

இருவரும் விமானத்தைத் தூக்கிக்கொண்டு கீழே வாகனங்கள் நிறுத்தும் முற்றத்துக்குப் போனார்கள். அருள்நாயகி வாலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மஷூர் விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைத் தடியால் தட்டினார். பல தடவை இருமிவிட்டு எஞ்சின் பற்றியது. நாலு பக்கச் சுவர்களுக்குள் அந்தச் சத்தம் காதைக் கிழித்தது. ஆமணக்கெண்ணெய்ப் புகை மணம் பரவியது. மாடி மாடியாக யன்னல்கள் திறந்தன. யாரோ மேலிருந்து ஏசினார்கள். வாசலில் காவலுக்கு நின்ற வாட்சர் சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

“நிப்பாட்டுங்கோ! தம்பி, நிப்பாட்டுங்கோ!”

மஷூர் எரிபொருள் குழாயைக் கிள்ளினார். எஞ்சின் நின்றது. அருள்நாயகி இன்னும் வாலை விடவில்லை.

“அவர் இதை முதல் ஓட்டின அண்டைக்கும் இப்பிடித்தான். எல்லா யன்னலும் திறந்து சனம் எட்டிப் பாத்தது. அண்டு பிடிச்ச பயம்” என்றார். யன்னல்கள் மூடிய பிறகும் அவர் தலை நிமிரவில்லை.

விமானத்தை அவரிடமே விட்டுப்போக மஷூர் நினைத்திருந்தார். அவர் மறுத்துவிட்டார்.

“அதைப் பாத்துக்கொண்டு என்னால இருக்கேலாது. நீங்கள் வைச்சிருங்கோ. பறக்க விடுவீங்களோ?”

“அனுமதி எடுக்கோணும். எடுத்தாலும் ஒட்டு தாங்குமா தெரியல்ல.”

“அப்ப விட வேண்டாம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மஷூர் மையவாடிக்குப் போனார். அடக்கிய நாளுக்குப் பிறகு அங்கே அவர் காலடி வைத்ததில்லை. ஜவாஹிறாவின் கப்ரின் மேல் புல் முளைத்திருந்தது. துஆ ஓதினார். சுமந்து வந்த கேள்வி வாயில் வரவில்லை. “பயந்துட்டியா புள்ள?” என்று மட்டும் கேட்டார். பிறகு குந்தியிருந்து புல்லைப் பிடுங்கினார். கோபம் முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதைப் பிடித்து வைத்திருக்கத்தான் அவருக்குத் தெம்பு இல்லை.

அருள்நாயகியை மகன் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். போகுமுன் அவர் மஷூருக்கு போன் எடுத்தார். இரண்டு பேருக்கும் அதிகம் கதைக்க இருக்கவில்லை. குளிர் எப்படி என்று போய்ச் சொல்கிறேன் என்றார். அங்கிருந்து ஒருமுறை பேசினார். அதன்பின் அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

மஷூர் மறுபடி கண்ணாடிக் கடைக்குப் போய் வருகிறார். நுகேகொடைக்குக் குடிபோகவில்லை. விமானம் சாப்பாட்டு மேசையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மிச்சப் பாதியில் ஒரு தட்டை வைத்து, தனியே உட்கார்ந்து சாப்பிடுகிறார்.