முறையை விட்டுக்கொடுத்த அம்மா

வவுனியாவில் இசை நாடகப் பட்டப்படிப்புக்கான தெரிவுப் பரீட்சை நடந்த அன்று, வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது என் பொறுப்பு. செட்டிகுளத்திலிருந்து மகளுடன் வந்திருந்த அந்த அம்மா மெலிந்தவர். நொடிக்கொருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மகளின் பெயரைக் கூப்பிட்டேன். "இராகுகாலம் தம்பி. மற்றப் பிள்ளையை விடுங்கோ," என்றார். மறுபடி கூப்பிட்டபோதும் அதே பதில். தெரிவு மதியத்தோடு முடிகிறது; பரீட்சகர்கள் சாப்பாட்டுக்கு எழும்பினால் இனி அடுத்த வருடம்தான். ஒரு பிள்ளைக்கு ஓராண்டு சிறிய இழப்பல்ல. அதைச் சொல்லியும் பயனில்லை.

"அம்மா, உங்கட மகளுக்குக் கூடாத நேரத்தில மற்றப் பிள்ளையள் போகலாமோ?" என்று எரிச்சலுடன் கேட்டேன்.

அவர் திடுக்கிட்டார். உடனே திருநீற்றுப் பையை எடுத்து, காத்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் பூசத் தொடங்கினார். முல்லைத்தீவிலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளையிடம் மட்டும் தயங்கி, "நீர் உம்மட அல்லாவை நினைச்சுக்கொண்டு போம் மோனை," என்றார். அவள் சிரித்தபடி உள்ளே போனாள்.

ஒருவழியாக இராகுகாலம் முடிந்தது. மகள் எழுந்தாள். அந்த நேரம், கொக்கிளாய் பஸ் பிந்தியதால் தன் முறையைத் தவறவிட்ட ஒரு பெண் அழுதபடி ஓடி வந்தாள். அம்மா மகளைப் பிடித்து இருத்திவிட்டு, "முதல்ல நீர் போம் பிள்ளை. நல்ல நேரம் இப்பதானே தொடங்கினது," என்றார்.

"வீட்டிலயும் இப்பிடித்தான் அண்ணா," என்றாள் மகள்.

நான் உள்ளே சென்று, இன்னும் ஒருத்தி இருக்கிறாள், சாப்பாட்டைச் சற்றுப் பிற்போடுங்கள் என்று பரீட்சகர்களிடம் கெஞ்சினேன். ஒத்துக்கொண்டார்கள், ஆனால் காரணம் கேட்டார்கள். அந்த அம்மாவைப் பற்றி ஒரு வசனத்தில் என்ன சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.