அக்காவின் குரலும் அடம்பிடித்த ரவுட்டரும்

போன சனிக்கிழமை காலை முழுக்க ஒரு ரவுட்டர் முன்னால் மண்டியிட்டுக் கிடந்தேன். சாமி முன்னால்கூட அவ்வளவு நேரம் கிடந்ததில்லை.

விஷயம் இதுதான். என் மனைவி செல்வியின் அக்கா இதே பெங்களூரில் ஜீவனஹள்ளியில் இருக்கிறார். வாய் ஓயாத மனுஷி. தொண்டையில் ஆபரேஷன் ஆகி, இப்போது பேச்சே கிடையாது. அன்று மதியம் பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தார். 'என் பழைய குரலை ஒரு தடவை கேட்கணும்' என்று தங்கைக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். அந்தக் குரல் மிச்சமிருப்பது எங்கள் பாப்பாவின் பிறந்தநாள் வீடியோவில் மட்டும். அது ஒரு பழைய பென் டிரைவில் இருக்கிறது.

லேப்டாப்பில் போட வேண்டியதுதானே என்பீர்கள். ஆபீஸ் லேப்டாப் சார்... பென் டிரைவைத் திறக்கவே விடாது. டிவியோ சுவரோடு சுவராக மாட்டியது. பின்னால் விரல் நுழையாது. மிச்சம் ரவுட்டர்தான். அதில் செருகினால் டிவியில் படம் ஓடும். போன வருஷம் ஓடியது.

இப்போது? 'டிவைஸ் எதுவும் இல்லை' என்கிறது. கழற்றி மாட்டினேன். ரீசெட் செய்தேன் — வைஃபை பாஸ்வேர்டும் சேர்ந்து போனது, அதைப் புதிதாகப் போட்டு டிவியை இணைத்தேன். கஸ்டமர் கேரில் ஒருவர், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கன்னடத்தில், "சார், ஒந்து சல ரீஸ்டார்ட் மாடி" என்பதையே மந்திரமாக ஓதினார். கடைசியில், பென் டிரைவை ஃபார்மெட் பண்ணிவிடுங்கள் என்றார். ஃபார்மெட்டா? உள்ளே இருப்பது ஒரு மனுஷியின் குரல் ஐயா!

செல்வி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க... டிரைவ் செத்துடுச்சா?"

பென் டிரைவைச் சட்டையில் துடைத்து மறுபடி செருகினேன்.

அக்கா வந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பரவாயில்லை என்று கையை ஆட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு ரவுட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், ஓரிடத்தில் விரலால் தட்டிக் காட்டினார். பொட்டு!

இந்த ஊரில் ஆயுத பூஜைக்கு எது தப்பும்? பஸ், ஸ்கூட்டர், மிக்ஸி... வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவனுக்குச் சோறு போடுவது ரவுட்டர்தானே என்று அதற்குத் தாராளமாகச் சந்தனம் அப்பியது அடியேன்தான். அது பென் டிரைவ் செருகும் ஓட்டைக்குள் இறங்கிக் காய்ந்து கிடந்தது. நம் பக்தி எப்போதும் இப்படித்தான், கும்பிடுகிற பொருளையே மூச்சுமுட்ட வைத்துவிடும்.

ஸ்விட்சை அணைத்தேன். அக்கா தன் கொண்டை ஊசியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். மறுபடி போட்டதும் விளக்கு எரிந்தது. உள்ளே வேலையாக இருந்த செல்வியைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை, வீடியோவை ஓடவிட்டேன்.

பாப்பா கேக் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். படத்துக்கு வெளியிலிருந்து அந்தக் கணீர்க் குரல்.

"ஏ செல்வி, பால் பொங்குது பாரு. அடுப்ப அணைச்சியா?"

சமையலறையிலிருந்து சட்டென்று பதில் வந்தது.

"அணைச்சிட்டேன்க்கா."

அக்கா கண்களை மூடிக்கொண்டார். செல்வி வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அடுப்பில் பாலே வைக்கவில்லை.