ஆட்காட்டி முட்டைகளும் நான்கு சிவப்புத் தடிகளும்

கொடிகாமத்துக்குக் கிழக்கே, சித்தப்பாவின் வயலில் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருப்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான். கூடு என்று ஒன்றும் இல்லை. வெறுந்தரையில் சின்னப் பள்ளம், சுற்றிவரச் சில கற்கள், நடுவில் மண் நிறத்தில் நான்கு முட்டைகள். இரண்டடி தள்ளி நின்றாலே கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் காலை புழுதி உழவு. உழவு மெசினில் வருகிற அண்ணைக்கு இது எப்படித் தெரியப்போகிறது?

வயலுக்குள் கூடு இருந்தால் தடி நட்டு அடையாளம் வைக்கலாம் என்று இணையத்தில் படித்திருந்தேன். ஒன்றைப் படித்தால் உடனே செய்துபார்க்காமல் எனக்குப் பொறுக்காது. நான்கு தடி வெட்டி, வீட்டு வாசல் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்றை நுனிகளில் பூசி, முட்டைகளைச் சுற்றி நட்டேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

காலையில் சைக்கிளில் போனால், உழவு மெசின் வயலோர ஒழுங்கையிலேயே நிற்கிறது. உழவு அண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே நின்றார். பக்கத்தில் சித்தப்பா, முகம் வெளிறிப்போய்.

“நான் உள்ளை இறங்கமாட்டன் ஐயா. முகமாலைப் பக்கம் மூண்டு வருசம் மிதிவெடி எடுத்தனான். சிவப்புத் தடியெண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்.”

“வெடியெல்லாம் எடுத்துத் துப்புரவாக்கித் தந்த காணி தம்பி! எத்தினை போகம் விதைச்சிட்டம்!”

“அப்ப உந்தத் தடியளை ஆர் நட்டது?”

சிவப்பைக் கண்டால் விலகு என்று படம் காட்டிச் சொல்லித்தந்த பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். முட்டை முட்டை என்று நினைத்ததில் அது எங்கே போனதோ!

“நான்தான் நட்டனான்” என்றபடி வயலுக்குள் இறங்கினேன்.

“அசையாதை பிள்ளை! நில்லடி அங்கை!” அண்ணை கத்தினார். நான் நிற்கவில்லை. தலைக்கு மேலே குருவியும் கத்திக்கொண்டு வட்டமடித்தது. ஒரு தடியைப் பிடுங்கி வந்து நீட்டினேன். “எங்கடை கேற்றுப் பெயின்ற், அண்ணை.”

அண்ணை அப்படியே வரம்பில் குந்திவிட்டார். “விசரே உனக்கு?” சித்தப்பா திட்டத்தான் வாயைத் திறந்தார். வந்தது சிரிப்பு.

நான் முட்டைக் கதையைச் சொன்னேன். அண்ணை தலையாட்டினார். “மிச்சத்தையும் புடுங்கு. சிவப்பு நிண்டால் நான் இறங்கன்.”

“புடுங்கினால் உங்களுக்கு முட்டை தெரியாதே!”

“வெள்ளை கட்டு. துப்புரவான இடத்துக்கு நாங்கள் வெள்ளைதான் வைக்கிறது.”

அந்த ஒழுங்கையில் வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? இரண்டு பேரும் சித்தப்பாவைப் பார்த்தோம்.

“ஏன் என்னைப் பாக்கிறியள்?” என்றார். பிறகு சேட்டைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த வெள்ளைப் பனியனையும் கழற்றித் தந்தார். பிடுங்கிய தடியைத் திரும்ப நட்டு, அதை நான்காகக் கிழித்துச் சிவப்பு நுனிகளை மூடிக் கட்டினேன்.

மெசின் இறங்கியது. கிட்டப் போனபோது குருவி அதன் முன்னால் சிறகை விரித்துக்கொண்டு பாய்ந்தது. “வாறன் வாறன், சண்டைக்கு வராதை” என்று அண்ணை அதனோடு கதைத்தபடி வளைத்து ஓட்டினார். ஒரு பாய் அகலத்துக்கு உழாத தரை மிஞ்சியது. மெசின் தள்ளிப் போனதும் குருவி திரும்பி வந்து முட்டைகளின் மேல் இருந்தது.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒழுங்கையில் நின்று பார்த்தேன். ஒரு காலை பள்ளம் வெறுமையாய்க் கிடந்தது. நாயோ, காகமோ? முட்டை ஓட்டுத் துண்டுகூட இல்லை. வீடு திரும்பி, தேத்தண்ணீரும் குடிக்காமல் இருந்தேன்.

கைபேசி அடித்தது. உழவு அண்ணை.

“பிள்ளை, பக்கத்து வயலிலை நிக்கிறன். உன்ரை ஆக்கள் எனக்கு முன்னாலை நடந்து போகினம். தாயும் நாலு குஞ்சும்.”

“நாலுமோ? வடிவாப் பாத்தனீங்களோ?”

“ஓம், நாலும். பஞ்சு உருண்டை மாதிரி.”

“மெசினை நிப்பாட்டினீங்களோ?”

“பின்னை, மேலை ஏத்திறதே? வரம்பு கடக்குமட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறன். ஒண்டுக்கு வரம்பு ஏறத் தெரியேல்லை. பொறு... ஆ, ஏறீட்டுது.”