ஊசி படாத தட்டு

ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் கூட்டத்துப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கமாட்டார்கள். "இந்த வாரம் என்ன ஓடுது?" என்றுதான் கேட்பார்கள். எந்த இசைத்தட்டு காதில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பதில் இல்லாதவர் அந்த வாரத்தை வீணாக்கியவர்.

கூடுமிடம், சிராங்கூன் சாலையில் இருந்த ராவுத்தரின் துணிக்கடை. முன்கதவைப் பாதி சாத்திவிட்டு, துணி வெட்டும் மேசையை ஒழித்து, அதன்மேல் தம்முடைய கிராமபோன் பெட்டியை வைப்பார். ஆட்கள் நாலே பேர். ராவுத்தர், பஃப்ளோ ரோட்டில் நகைப் பட்டறை வைத்திருந்த பத்தர், சலவைக்கடை நடத்திய என் அப்பா, அம்மாவின் தம்பியான என் மாமா. ஐந்தாவது ஆள் நான். வயது ஒன்பது.

சின்னப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருந்தது. இசைத்தட்டுகளின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அச்சடித்திருப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவருக்கும் ஆங்கிலம் வாசிக்க வராது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைத்தவள் நான். அதுவும் ஆங்கிலப் பள்ளி. அப்பா ஊரார் துணிக்குப் போடுவதைவிட அதிகக் கஞ்சி போட்டு என் சீருடையைத் தேய்த்துத் தருவார். அது அட்டைபோல நிற்கும். நானும் அப்படியே நிற்பேன்.

ஆனால் வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. தட்டைக் கொண்டுவருகிறவர் அதன் உறையைக் கவிழ்த்து என் மடியில் வைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் பேசக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் ராகத்தைச் சொல்வார்கள். எல்லாரும் சொன்ன பிறகே நான் வாய் திறந்து எழுத்தை வாசிக்கலாம். எழுத்து முந்திக்கொண்டால் காது சோம்பேறியாகிவிடும் என்பது பத்தரின் கட்சி. தங்கத்தை மட்டுமல்ல, எதையுமே உரசிப் பார்க்காமல் அவர் நம்பமாட்டார்.

மாமாவிடம் கிராமபோனும் கிடையாது, தட்டும் கிடையாது. புக்கிட் தீமா பக்கம் ஒரு பங்களாவில் டிரைவராக இருந்தார். கப்பல் கம்பெனித் துரை பாதி நாள் வெளியூரில்; வீட்டில் துரைசானி மட்டும். எங்கள் வட்டத்தில் மாமாவின் முறை வரும்போதெல்லாம், "நம்ம பாய் போன வாரம் போட்டதுதான் இன்னும் ஓடுது" என்று சமாளித்துவிடுவார். ஒரு ஞாயிறு அப்படிச் சொல்லவில்லை.

"எங்க துரைசானி வீட்டுல கீரவாணி ஓடுது" என்றார்.

பத்தர் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த கத்தரிக்கோல் அசைந்தது.

"வெள்ளைக்காரி வீட்டுல கீரவாணியா? அப்ப காலையில பழைய சோறும் சாப்பிடுறாங்களா டிரைவரே?"

"சத்தியமா லா! சாயந்தரம் நான் கார் கழுவுறப்ப அந்த அம்மா சன்னலத் தொறந்துட்டுப் பாட்டு போடுவாங்க. நாப்பது அம்பது பிடில் ஒண்ணா வாசிக்குது. ஆனா கீரவாணிதான்."

"அம்பது பேர் சேந்து வாசிச்சா அதுக்குப் பேர் கச்சேரி இல்ல, கலவரம்."

"கேட்டுட்டுப் பேசுங்க பத்தரே."

"கொண்டாங்க, உரசிப் பாத்துருவோம். கீரவாணி இல்லேன்னா இனிமே இங்க வந்து கேக்குறதோட சரி. ராகம் சொல்ற வேலையெல்லாம் வச்சுக்கக் கூடாது."

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. வாரத்தில் ஆறு நாளும் "எஸ் மேம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லாத மனிதருக்கு, ராகம் சொல்லும் அந்த ஒரு நிமிடம் எத்தனை பெரியது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

துரைசானியின் தட்டுகள் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கும். எப்படி எடுப்பது என்று மாமா இரண்டு வாரம் தவித்தார். காரில் போகும்போது அந்த மெட்டை அவர் முணுமுணுப்பதைக் கேட்டு, துரைசானியே ஒருமுறை என்னவென்று விசாரித்தாராம். தம் ஓட்டை ஆங்கிலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும் பத்தரின் சவாலைப் பற்றியும் மாமா சொன்னாராம். ஆனால் இரவல் கேட்கத்தான் நாக்கு எழவில்லை. இரண்டாவது வாரச் சனிக்கிழமை அதிசயம் நடந்தது. வேலை முடித்து வண்டிச் சாவியை வைக்கப் போனபோது, அந்தத் தட்டு வராந்தாவின் பிரம்பு நாற்காலியில், அவர் சன்னல் வழியே பார்த்துப் பழகிய உறையோடு கிடந்தது. மாமா அதை அப்பாவின் கடையில் வெளுத்த துண்டு ஒன்றில் சுற்றி எடுத்து வந்துவிட்டார்.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு இரவலாடா? அதுல கீறல் விழுந்து வேலை போச்சுன்னா, கீரவாணிய ஒலையில போட்டா சோறாக்குறது?"

"ஞாயித்துக்கெழம மாதாகோயிலுக்குப் போயிட்டு மூணு மணிக்குத்தான் அந்த அம்மா திரும்பும். அதுக்குள்ள நாற்காலியில திருப்பி வச்சுருவேன்" என்றார் மாமா.

மறுநாள் காலை ராவுத்தர் கடையில் துண்டைப் பிரித்ததும் எல்லாரும் கிட்டே வந்தார்கள். எங்கள் தட்டுகள் கனமானவை. கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். இதுவோ மெலிதாக இருந்தது. பிடித்த பிடியில் லேசாக வளைந்தது. அகலம் வேறு அதிகம்.

"என்னய்யா இது, அப்பளம் மாதிரி இருக்கு? பாட்டு கேக்கவா, பொரிக்கவா?" என்றார் பத்தர்.

மாமா உறையைக் கவிழ்த்து என் மடியில் வைத்தார். ராவுத்தர் பெட்டிக்குச் சாவி கொடுத்தார். சிறு டப்பாவிலிருந்து புது எஃகு ஊசி ஒன்றை எடுத்து மாட்டினார். தட்டு சுழலத் தொடங்கியது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் தட்டுகளின் உறை, இரண்டு பக்கமும் வெறும் பழுப்புத் தாள். கவிழ்த்து வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் ஒன்றுதான். இதன் பின்பக்கமோ முழுக்க எழுத்து. எழுத்தைக் கண்டால் என் கண் சும்மா இருக்காது. கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் கட்டம் கட்டி ஒரு செய்தி இருந்தது. பாதிச் சொற்கள் புரியவில்லை. பழைய பெட்டி என்பதும், ஊசி என்பதும், கூடாது என்பதும், பாழாகும் என்பதும் புரிந்தன.

ராவுத்தரின் கை ஊசியைத் தட்டுக்கு மேலே கொண்டுபோயிருந்தது.

"வேணாம்!" என்று கத்தினேன்.

"வாய மூடு பாப்பா. பாட்டுக்கு முன்னாடி எழுத்து கூடாது" என்றார் பத்தர், திரும்பிப் பாராமலே.

"இந்தப் பொட்டியில போடக் கூடாதாம். ஊசி பட்டா பிளேட்டு கெட்டுடுமாம். இங்க போட்டிருக்கு."

"ஊசி இல்லாம பாட்டு எங்கேருந்து வரும்? மூக்குலேருந்தா?"

ராவுத்தர் தயங்கினார். ஊசி இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் தொட்டுவிடும். அப்போது அப்பா எழுந்தார். அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசாதவர் அவர்தான். குனிந்து ராவுத்தரின் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார்.

"புள்ள படிச்சுட்டுச் சொல்லுது பாய். நிறுத்துங்க."

பெட்டி நின்றது. ராவுத்தர் தட்டைக் கதவருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு தம் தட்டு ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். எங்கள் தட்டில் கோடுகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிந்தன. மற்றதில் கோடு இருப்பதே தெரியவில்லை. பளபளப்பு மட்டும் ஓடியது.

"நம்மது சாக்கு. இது பட்டு. சாக்கு தைக்கிற ஊசிய வச்சுப் பட்டுல இழுக்க இருந்தேனே! அல்லாதான் காப்பாத்துனான்" என்றார்.

மாமா துணிக்கட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். அல்லாவோடு சேர்ந்து நானும் காப்பாற்றினேன் என்பதை யாராவது சொல்லுவார்களா என்று காத்திருந்தேன். அப்பா என் தலையில் கை வைத்தார். அது போதுமாயிருந்தது.

பத்தர் மட்டும் விடவில்லை. "பிளேட்டு தப்பிச்சுது, சரி. கீரவாணி இன்னும் தப்பிக்கலையே?"

மாமா பாடத் தொடங்கினார். சொல் இல்லாத வெறும் மெட்டு. பிடில்களுக்கு ஒரு குரல், ஊதுகிறவர்களுக்கு ஒரு குரல், முரசு வரும் இடத்தில் துணி மேசையில் அடி. எத்தனை சாயங்காலம் கார் கழுவினாரோ, அத்தனையும் தொண்டையில் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் கண் கலங்கிச் சற்று நிறுத்தி, மறுபடி பிடித்தார். கடைசி அடி விழுந்தது.

"கீரவாணி" என்றார் ராவுத்தர்.

"கீரவாணிதான்" என்றார் அப்பா.

பத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "கீரவாணிதான். ஆனா நடுவுல எங்கயோ ராகத்த விட்டு வீட்டுக்குப் போயிட்டு வருது" என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "அடுத்த வாரம் வேற என்ன ஓடுதுன்னு கேட்டு வைங்க டிரைவரே" என்றார்.

தட்டைத் திருப்பி வைக்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். வழியில் யாராவது கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்றார். பேருந்து இறங்கி மேட்டில் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணி ஆகவில்லை; ஆனால் பங்களா வராந்தாவில், அதே பிரம்பு நாற்காலியில், துரைசானி உட்கார்ந்திருந்தார்.

மாமாவின் கை என் கையை நசுக்கியது. இனி ஒளிக்க இடமில்லை. துண்டோடு நீட்டினார். துரைசானி தட்டை உருவி, ராவுத்தர் செய்ததுபோலவே வெளிச்சத்துக்குச் சாய்த்து, இரண்டு பக்கமும் பார்த்தார். நான் மனத்துக்குள் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். அவர் மெல்ல மூச்சு விட்டுத் தட்டை உறைக்குள் போட்டார். கோபமாக ஏதோ வரும் என்று பார்த்தால், "உங்கள் நண்பர்களுக்குப் பிடித்ததா?" என்று கேட்டார்.

மாமாவுக்கு "எஸ் மேம்" வந்தது. அதற்குமேல் வரவில்லை. ஒரு வெள்ளைக்காரருடன் நான் பேசிய முதல் ஆங்கிலம் அன்று பேசியதுதான். அவர்களிடம் சரியான பெட்டி இல்லை, மாமாதான் பாடிக் காட்டினார் என்றேன். அவர் மாமாவை வியப்போடு பார்த்தார். இன்னும் ஏதாவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றவே, பத்தர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன்.

"அது நடுவில் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறதாம்."

துரைசானி தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழை பெய்துகொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். வெள்ளைக்காரர்களுக்கு நம் மழை ஒத்துக்கொள்ளாது, சட்டென்று சளி பிடித்துவிடும் என்று வகுப்பில் ஒரு பெண் சொல்லியிருந்தாள். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். சற்றுப் பொறுத்து உள்ளே போய் ஒரு டப்பா நிறைய பிஸ்கட் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் மாமா பிஸ்கட் தின்றபடியே சிரித்தார். கையும் தட்டுமாகப் பிடிபட்டும் வேலை போகவில்லை. தட்டில் கீறல் இல்லை. பத்தர் வாயாலேயே கீரவாணி என்று வந்துவிட்டது. இனி என்ன வேண்டும்?

"எப்பவும் பூட்டுன அலமாரியில இருக்குற பிளேட்டு. நேத்துன்னு பாத்து நாற்காலியில வந்து கெடந்துச்சே. சாமி எடுத்து வச்ச மாதிரி" என்றார்.

நானும் தலையாட்டினேன். எடுத்து வைத்தது நம் சாமியா, மாதாகோயில் சாமியா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். எங்கள் வீட்டுப் பக்கத்துத் தேக்காவில் வந்து இறங்கும்வரை அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒருவர் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.