பரஸ்தானம் வைத்த பை

முழங்கால் கவசத்தோடு சாவு வீட்டுக்குள் போனவன் நான். நெடுந்தூரம் பைக் ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற கறுப்பு பிளாஸ்டிக் கவசம் அது, மேலேயும் கீழேயும் பட்டை போட்டு இறுக்குவது. அதைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தானைப் பெஞ்சில் கிடத்த ஒரு கை பிடித்தேன், ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டேன், எல்லாம் அதோடுதான். மத்தியானம் கடையத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "காலுல என்னப்பா, அடி கிடி பட்டுட்டா?" என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். "இல்ல, கோவா போறதுக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துபோய் உட்கார்ந்துகொண்டார்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பட்டாளத்தில் இருபத்துநாலு வருஷம் இருந்தவர். அதில் பாதிக் காலம் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குத் தபால் கொண்டுபோகிற மோட்டார் சைக்கிள் வேலை. ஓய்வு பெற்று குற்றாலத்தில் வீடு கட்டி உட்கார்ந்த பிறகும் புல்லட்டை விடவில்லை. காலையில் அருவியில் குளிக்கப் போவதற்கும் அதில்தான், முக்குக் கடையில் தயிர் வாங்கப் போவதற்கும் அதில்தான். கோவாவில் வருஷா வருஷம் நாடு முழுக்க இருந்து பைக்காரர்கள் வந்து கூடுகிற ஒரு சந்திப்பு உண்டு, மூன்று நாள் நடக்கும் என்று போனில் யாரோ அனுப்பியதைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் காட்டினார். "மாப்ளே, இங்கன பாரு. மெதுவா ஓட்டுத போட்டி வச்சிருக்கானுவ. கடைசியா வாரவனுக்குத்தான் பரிசாம். கால் தரையில படப்பிடாது. குத்தாலம் சீசன் கூட்டத்துல இருவது வருசமா வண்டி ஓட்டுதவனுக்கு இத விட வேற என்ன வேணும்?" என்றார். கூடவே, என்னையும் வரச் சொன்னார். எனக்குத் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க் வேலை. செங்கோட்டையில் வீடு. போக வர ஓட்டுகிற சின்ன வண்டி ஒன்று, கூடவே இடுப்பு வலி. ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் கேட்டால் மறுக்க வராது. ஒரு தடவை மறுத்தேன், அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாலு மாசம் திட்டம் போட்டோம். திட்டம் போட்டது அவர், நான் உட்கார்ந்து அக்கா சுட்டுத் தந்த வடையைத் தின்றேன். பழைய காலண்டர் தாள்களின் முதுகில் பட்டாளத்துப் பாணியில் உத்தரவு மாதிரி எழுதுவார். காலை ஆறுக்கு செங்கோட்டை. ஆறே முக்காலுக்குப் புளியறையில் டீ. ஆரியங்காவு, புனலூர், கொல்லம். கொல்லத்திலிருந்து கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நேரே வடக்கே. நடுநடுவே 'மாப்ளை இடுப்பு – 15 நிமிடம்' என்று ஐந்து இடத்தில் எழுதியிருந்தார். நான் அதை அடித்துவிடச் சொன்னேன். "ஒன் வண்டி கோவா வரைக்கும் வந்துரும்லே, ஒன் இடுப்பு வருமாங்கதுதான் சந்தேகம்" என்று சொல்லி ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார். கிளட்ச் கம்பி, டியூப், ஸ்பார்க் பிளக் என்று ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, கையில் தூக்கி எடை பார்த்து வைப்பார். கடைசி நேரத்தில் பையில் எதையும் திணிக்கக் கூடாது, முதலிலேயே மூட்டை கட்டி முடிக்கணும் என்பது அவருடைய சட்டம்.

தகராறு நாள் பார்ப்பதில் வந்தது. சந்திப்பு வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. ரெண்டு நாள் ஓட்டம் என்றால் புதன்கிழமை காலை கிளம்பியாக வேண்டும். புதன்கிழமை வடக்கே சூலம், அந்தத் திசைக்குப் புறப்படக் கூடாது என்று அக்கா நின்றுவிட்டாள். "நாங்க புளியறைக்குலா போறோம், புளியறை மேக்க இருக்கு" என்றார் அத்தான். "புளியறையில டீ குடிச்சிட்டுத் திரும்பி வாரதா இருந்தா மேக்கதான். கோவா எங்கன இருக்கு?" என்றாள் அக்கா. அத்தான் என்னைப் பார்த்தார், நான் வடையைப் பார்த்தேன். அக்கா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

கடைசியில் அவளே வழியும் சொன்னாள். பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றாள். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால் அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், பயணத்துக்கான பையை மட்டும் போகிற வழியில் இருக்கிற வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. பிறகு எந்த நாளில் போனாலும் தோஷம் இல்லை. ஒரே நிபந்தனை, வைத்ததைத் திரும்ப வீட்டுக்குள் எடுத்து வரக் கூடாது. ஆள்தான் போய் அதை எடுத்துக்கொண்டு மேலே போகணும். எங்கள் வீடு போகிற வழியில் இருந்தது. திங்கட்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து அக்கா அனுப்ப, அத்தான் அந்தப் பெரிய காக்கிப் பையைப் புல்லட்டில் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். முன்னறையில் நாற்காலி மேல் வைத்து, விறைப்பாக நின்று அதற்கு ஒரு சல்யூட் அடித்தார். "நான் கெளம்பியாச்சு மாப்ளே. நீதான் இன்னும் ஆபீசுக்குப் போயிட்டிருக்க" என்றார். என் பெண்சாதி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. அத்தான் குரலைத் தணித்துப் பேசினார். "மாப்ளே, பையில எடதுபக்கப் பாக்கெட்ல நீலக் கவர் ஒண்ணு இருக்கும். சாயங்காலம் அத மட்டும் கொண்டாந்து தருதியா? அக்காவுக்குத் தெரிய வேண்டாம்." என்ன கவர் என்றேன். நெஞ்சுக்குச் சாப்பிடுகிற மாத்திரை. பத்து நாளைக்கானதை மொத்தமாகப் பையில் போட்டவர், நடுவில் இருக்கிற ரெண்டு நாளைக்கு எடுத்து வைக்க மறந்துவிட்டார். கடையில் வாங்கலாமே என்றேன். டாக்டர் சீட்டும் அந்தக் கவரில்தான் இருக்கிறதாம், மாத்திரைப் பேரும் வாயில் வரமாட்டேன் என்கிறதாம்.

அன்றைக்கு மழை. தென்காசியிலிருந்து வீட்டுக்குப் போய், பையைத் திறந்து, திரும்பக் குற்றாலம் வந்து, மறுபடி வீடு. ஐயப்பசாமிகளின் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற மாசம் வேறு. எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் முடியவில்லை என்று சொல்லவில்லை. "அத்தான், பரஸ்தானம் வச்சத தொடப்பிடாதுன்னு அக்கா படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கா. விடிஞ்சா நீங்களே வந்து எடுத்துப் போட்டுக்கிட வேண்டியதுதான" என்றேன். சூலம், நல்ல நேரம் எதையும் ஒரு நாளும் பார்க்காதவன் நான். என் கல்யாணத்துக்கே ராகுகாலத்தில் தாலி கட்டினால் என்ன என்று கேட்டு அப்பாவிடம் ஏச்சு வாங்கியவன். அத்தான் "அதுவும் சரிதான்" என்று சிரித்தார். அவர் கெஞ்சுகிற ஆள் இல்லை. கெஞ்சியிருந்தால் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கே நான் கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். ஆறு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கையில் அக்காவின் போன் வந்தது. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்தார், சரிந்துவிட்டார் என்றாள். ஐயப்பசாமி பஸ்களுக்கு நடுவில் நுழைந்து நான் போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் அழவில்லை. எல்லோரும் அழுதார்கள், எனக்கு வரவில்லை. பதினாறாம் நாள் முடிந்தால் வரும் என்று நினைத்தேன். வருஷம் திரும்பியது, அப்போதும் இல்லை. ஊசி போட்டுப் பல் பிடுங்கிய அன்றைக்குத் தாடை இருக்குமே, தொட்டால் தொட்டது தெரியும், நம்முடையது என்று தெரியாது. எனக்கு அந்த மரப்பு மட்டும் விடவே இல்லை. சாப்பிட்டேன், ஆபீஸ் போனேன், சம்பள பில் போட்டேன்.

பை நாற்காலியிலிருந்து பீரோ மேலே போயிற்று. ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தேன். நீலக் கவரில் ஒரு மாத்திரை குறையாமல் இருந்தது. என் ரத்த அழுத்தத்துக்குப் பார்க்கப் போன இடத்தில் டாக்டரிடம், யாருக்கோ நடந்தது மாதிரி கேட்டேன். ரெண்டு நாள் மாத்திரை நின்றதால் என்றும் சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதி உண்மைதான். மறு பாதி அக்கா. பரஸ்தானம் வைக்கச் சொன்னவள் அவள். மாத்திரை அந்தப் பையோடு போய்விட்டது என்று தெரிந்தால் என்ன ஆவாள்? அவளும் மூன்று வருஷத்தில் பையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஆள் பாதியாகிவிட்டாள். ராத்திரி தூங்குவதே இல்லை, நடந்துகொண்டே இருக்கிறாள் என்று மெட்ராசில் வேலை பார்க்கிற அவள் மகன் வந்து போகும்போதெல்லாம் சொல்வான்.

போன ஆவணி மாசம் அக்கா போன் பண்ணினாள். "வண்டிய ராயகிரிக்காரர் ஒருத்தர் கேக்காரு, குடுத்திரலாம்னு இருக்கேன். அவுக பையும் ஒங்கிட்டதான கெடக்கு. கொண்டா." ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டுபோனேன். எனக்கு இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு, தனக்கும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழுந்துபோய் பையைப் பக்கத்தில் இழுத்தாள். நடுப் பையைத் திறக்கவில்லை. வலதுபக்கம் பார்க்கவில்லை. நேரே இடதுபக்கப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு நீலக் கவரை எடுத்தாள்.

எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"செவ்வாக்கெழம வெளக்கு வச்ச பொறவு கேட்டாக" என்றாள் அக்கா. அழவில்லை, என்னை மாதிரியேதான் பேசினாள். "செங்கோட்டைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருதேன்னாக. வச்சத எடுக்கப்பிடாது, ஒரு ராத்திரிதான, காலைல போட்டுக்கிடுங்கன்னேன். நான்தாம்ல சொன்னேன். வண்டிச் சாவிய வேற வாங்கி முந்தியில முடிஞ்சுக்கிட்டேன்."

மூன்று வருஷமாக ஒரே விஷயத்தை ஆளுக்கொரு வீட்டில் மூடி வைத்திருந்திருக்கிறோம். எனக்கு அப்போது அவளைத் தனியாக விடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. "அக்கா, எங்கிட்டயும் கேட்டாக. நானும் மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ரெண்டு பேரும் சேர்ந்து சுமந்தால் பாரம் குறையும் என்று நினைத்துச் சொன்னது அது. அவள் கேட்டது வேறு. "ஒங்கிட்ட எப்பம் கேட்டாக? எங்கிட்ட கேக்கதுக்கு முன்னயா, பொறவா?"

மத்தியானம், முன்னால்தான். அதைச் சொன்னால் கணக்கு என்ன ஆகும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தம்பி மாட்டேன் என்று சொன்ன பிறகு அந்த மனுஷனுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆள் அவள்தான், அவள் சாவியை வாங்கி முடிந்துகொண்டாள் என்று ஆகிவிடும். அக்காவின் விரல் கவரின் மேல் அசையாமல் இருந்தது.

"பொறவுதான்" என்றேன். "ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணுனாக. அக்கா விட மாட்டேங்கா, நீ கொண்டாந்து தந்துருன்னாக. மழையா இருக்குன்னு நான் வரல."

அவள் கவரை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்போ கடைசியா ஒங்கிட்டதான் கேட்டிருக்காக" என்றாள். ஆமா என்றேன். "மழைக்கா வராம இருந்த? வெறும் மழைக்கா?" என்றாள். அதற்கும் ஆமா என்றேன். அவள் கவரைப் பையிலேயே போட்டு வாரை இறுக்கிக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு, ரசம் ஊற்றி, இலையை வழித்துச் சாப்பிட்டாள். எனக்கு மோர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

அக்காவுக்கு வாசிக்கிற பழக்கம் கிடையாது, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. போன் பண்ணினால் எடுப்பதில்லை. தீபாவளிக்குப் போனபோது கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அவள் மகன்தான் பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்தான். போகும்போது ரோடு வரைக்கும் என்னோடு நடந்து வந்தான். "மாமா, அம்மாவுக்கும் ஒங்களுக்கும் என்ன சண்டைன்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் இல்ல. ஆனா இப்பல்லாம் அம்மா ராத்திரி நல்லா தூங்குதா" என்றான்.