புஸ்ரியின் தலைகீழ் உலகம்

பொந்தியானாக் ஊரின் வழியாகத்தான் பூமத்திய ரேகை போகிறது. அதற்கு ஒரு நினைவுத்தூணும் இருக்கிறது. அதைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் குடைராட்டினக்காரன் புஸ்ரி தன் குடையின் உச்சியில் ஒரு தகர உலகத்தைச் செருகினான். மரக்குதிரைகளைக் கையால் தள்ளத் தள்ள உலகமும் கூடவே சுற்றும். அவனுக்குப் பெருமை தாங்காது.

நாற்பது தாண்டிய இந்த மனுஷன் எதிரே வாழைப்பழம் பொரிக்கும் ஹலிஜாவிடம் மனசைத் தொலைத்துவிட்டான். அவளுக்கும் சம்மதந்தான். அவள் அண்ணன் மர்சூக்கி சரியென்றால் நிக்காஹ். ஆனால் மர்சூக்கி, கூரை ஒழுகினாலே உலகம் அழியப்போகிறது என்கிற ஆள்.

மாப்பிள்ளையின் தொழிலைப் பார்க்க அவன் ஒரு மாலை வந்தான். முகம் மலர்ச்சியாகத்தான் இருந்தது, அண்ணாந்து பார்க்கும்வரை. சாய்ந்த வெயில் தகர உலகத்தில் விழுந்திருந்தது.

"தம்பி, உன் உலகத்துல மேற்க இருக்கிற மக்காவுக்கு முதல்ல விடியுது. அப்புறந்தான் நமக்கு விடியுது."

"அண்ணே?"

"சூரியன் மேற்க உதிச்சா கியாமத்து நாள், உலகம் அழியுற நாள். அதைக் காசு வாங்கிக் காட்டுறவனுக்கா என் தங்கச்சியக் குடுப்பேன்?"

புஸ்ரி ஓடிப்போய் ராட்டினத்தை எதிர்ப்பக்கம் தள்ளினான். உலகம் திருந்தியது, குதிரைகள் எல்லாம் வாலை முன்னே விட்டு ஓடின. பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி மர்சூக்கியையும் ஒரு குதிரையில் ஏற்றினான். இரண்டாவது சுற்றில் அவன் தொப்பி பறந்து ஹலிஜாவின் மாவுச்சட்டியில் விழுந்தது. இறங்கியவன் நண்டுபோல் நடந்து ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பின்னால் ஓடும் குதிரையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றான்.

ஹலிஜா அடுப்பை அணைத்தாள். ஏணி போட்டு ஏறி, தகர உலகத்தைப் பிடுங்கி, தலைகீழாகத் திருப்பிச் செருகினாள். பழையபடியே தள்ளச் சொன்னாள். குதிரைகள் முன்னால் பாய்ந்தன. பொந்தியானாக்கில் விடிந்தது, மக்கா பொறுமையாகப் பின்னால் வந்தது.

"தலைகீழா இருக்கே" என்றான் மர்சூக்கி.

"ரேகை நம்ம ஊரு வழியாத்தானே போகுதுண்ணே. இதுல எது மேல, எது கீழன்னு யாரு நமக்குச் சொன்னா? எனக்கு இவரப் பிடிச்சிருக்கு."

மர்சூக்கிக்கு இன்னும் தலை சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே இரண்டு ஹலிஜா தெரிந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க. நான் ஒத்த ஆளு, என்ன செய்ய? சரி."

அதுவரை ராட்டினத்தில் ஏறியே இராத ஹலிஜா முன்குதிரையில் உட்கார்ந்து, தள்ளுங்கள் என்றாள். புஸ்ரிக்குச் சந்தோஷத்தில் தள்ளவே மறந்துபோயிற்று. அவளுக்கு அடுத்த குதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

மாவு சொட்டும் தொப்பியைப் போட்டுக்கொண்டு அண்ணன்தான் தள்ளினான்.